பத்து வாரத்தில் வாலிபால் அணிக்கு ஜம்ப் பயிற்சி: எத்தனை, எவ்வளவு உயரம், எப்போது?

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். வாலிபால் அணியில் 14 முதல் 17 வயதுள்ள மாணவ, மாணவிகள் இருக்கிறார்கள். பத்து வாரத்தில் போட்டி. வலைக்கு மேலே கை நன்றாக எழும்ப வேண்டும் என்பதற்காக, தினமும் மாலை ஆட்டம் முடிந்ததும் 200 ஜம்ப் வைக்கிறேன். கேலரிப் படியிலிருந்து கீழே குதித்து உடனே எம்பவும் சொல்கிறேன். ஒரு மாதமாகியும் உயரம் கூடவில்லை, மூன்று பேருக்கு முட்டி வலிதான் வந்திருக்கிறது. ஜிம் வசதி கிடையாது. இப்படிக் குதித்து எழும்பும் பிளையோமெட்ரிக் பயிற்சியை எப்படித் திட்டமிடுவது?

பதில்: சார், முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளைக்கு 200 என்றால், ஆறு நாளில் 1,200. புதிதாக இந்தப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சியாளர் கையேடுகள் சொல்லும் அளவு, ஒரு வேளைக்குக் கால் தரையில் படும் தடவை 80 முதல் 100. அதுவும் இரண்டு வேளைக்கு நடுவே 48 முதல் 72 மணி நேர இடைவெளியோடு. வாரம் இரண்டு நாள் என்று வைத்தால் மொத்தமே 160 முதல் 200. அதாவது ஒரு வாரத்துக்கு உரியதை உங்கள் பிள்ளைகள் ஒரே மாலையில் முடித்துவிடுகிறார்கள்.

இதில் ஆட்டத்தில் குதிப்பது சேரவில்லை. நாளைக்கு ஒரு நோட்டோடு ஓரமாக உட்கார்ந்து, உங்கள் முதல் அட்டாக்கரை மட்டும் கவனித்து எண்ணுங்கள். ஸ்பைக், பிளாக், ஜம்ப் சர்வீஸ், வார்ம்-அப்பில் வலையோரம் சும்மா எம்புவது எல்லாவற்றையும் சேருங்கள். எழுபது, எண்பது என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். வாலிபாலுக்கு என்று ஜம்ப் பயிற்சி திட்டமிடும்போது இந்த எண் கையில் இல்லாமல் தொடங்கவே கூடாது. ஓட்டப்பந்தயக்காரருக்கு எழுதிய திட்டத்தை அப்படியே இவர்களுக்குக் கொடுத்தால் முட்டிதான் போகும். நார்வேயில் முன்னணி வீரர்களிடம் நடத்திய ஆய்வில், வாலிபால் ஆடுபவர்களில் ஏறக்குறைய 45 சதவீதம் பேருக்கு 'ஜம்பர்ஸ் நீ' எனப்படும் முட்டித் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) வலி இருந்தது. அந்த ஆய்வில் பார்த்த விளையாட்டுகளில் அதுதான் அதிகம்.

சரி, இவ்வளவு குதித்தும் உயரம் ஏன் கூடவில்லை? பிளையோமெட்ரிக் பயிற்சி வேலை செய்வது முக்கியமாக ஒரு காரணத்தால். தரையில் கால் படும்போது தசையும் தசைநாணும் சட்டென்று இழுபடுகின்றன. அந்த இழுவையில் தேங்கும் விசையை, தாமதிக்காமல் அடுத்த நொடியே எழும்பப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். கால் தரையில் நிற்கும் நேரம் கால் நொடிக்குள் இருந்தால் அதை வேகமான வகை என்பார்கள். ஸ்பைக்குக்கு ஓடிவந்து எம்புவது அதைவிடக் கொஞ்சம் நீண்ட வகை, ஆனால் அங்கேயும் தாமதம் எதிரிதான். இரண்டு மணி நேரம் ஆடிக் களைத்த காலைக் குதிக்கச் சொன்னால் அது காற்று இறங்கிய பந்து மாதிரி தரையில் அமுங்கி, அப்புறம் மெதுவாக எழும். அந்த நேரத்தில் உடம்பு பழகுவது மெதுவாக எழும்புவதைத்தான். வியர்வை நிறைய வரும், மூச்சு வாங்கும், பயிற்சி நடந்த மாதிரி தெரியும். உயரம் மட்டும் வராது.

அதனால் முதல் மாற்றம், நேரம். ஜம்ப் பயிற்சியை மாலையின் கடைசியிலிருந்து தூக்கி, வார்ம்-அப் முடிந்ததும் பந்தைத் தொடுவதற்கு முன்னால் வையுங்கள். திங்கள், வியாழன் என இரண்டு நாள் போதும். அந்த இரண்டு நாளிலும் ஸ்பைக் அடிக்கும் எண்ணிக்கையைக் குறைத்து, சர்வீஸ் ரிசீவ், டிஃபென்ஸ் பக்கம் நேரத்தைத் திருப்புங்கள். ஒரு செட்டுக்கு ஐந்தாறு ஜம்ப், பிறகு ஓய்வு. ஓய்வு என்பது குதித்த நேரத்தைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு. பத்து நொடி குதித்தால் ஒரு நிமிடம் நிற்பது பெரிதல்ல. பிள்ளைகளுக்கு இது சோம்பலாகத் தோன்றும், தலைமையாசிரியர் பார்த்தால் அவருக்கும் அப்படித்தான் தோன்றும். நீங்கள் அசைய வேண்டாம்.

அடுத்தது கேலரிப் படி. மேலிருந்து இறங்கிக் குதித்து உடனே எம்பும் இந்த டெப்த் ஜம்பை 1960களில் முறைப்படுத்தியவர் சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி. 75 செ.மீ., 110 செ.மீ. என்றெல்லாம் இன்று வீடியோக்களில் சுற்றும் உயரங்கள் அவரிடமிருந்து வந்தவை. அவர் அதைக் கொடுத்தது பல வருடம் பார்பெல் தூக்கிய, நன்கு தேர்ந்த தடகள வீரர்களுக்கு. நம் பள்ளிக் கேலரிப் படி ஏறக்குறைய முட்டி உயரம், கீழே சிமென்ட். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, அதுவும் ஸ்குவாட்டே (முட்டி மடக்கி உட்கார்ந்து எழுவது) ஒழுங்காகப் போடத் தெரியாத பிள்ளைக்கு, அது வேண்டாம். இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

குதித்து இறங்கும் உயரத்தை யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்ய ஒரு எளிய வழி இருக்கிறது. ஆறாவது வாரம் வந்த பிறகு, 20 செ.மீ. உயர மரப்பலகை அல்லது உறுதியான பெட்டியிலிருந்து இறங்கி எம்பச் சொல்லுங்கள். எவ்வளவு எழும்புகிறார் என்று குறியுங்கள். பிறகு 30 செ.மீ. பெட்டியிலிருந்து. எழும்பும் உயரம் கூடினால் அல்லது அதே அளவில் நின்றால் சரி. குறைந்தால், அல்லது குதிகால் தரையில் தட்டி 'தொப்' என்று சத்தம் வந்தால், அந்தப் பிள்ளைக்குப் பழைய உயரம்தான். இந்த வயதில் 30 செ.மீ.க்கு மேல் போக எனக்குக் காரணம் தெரியவில்லை. கீழிருந்து பெட்டி மேல் குதித்து ஏறும் பாக்ஸ் ஜம்ப் வேறு விஷயம். மேலே ஏறி நிற்பதால் இறங்கும் அடி குறைவு, அது நல்லது. ஆனால் உயரமான பெட்டியில் ஏறிவிட்டான் என்பது அவன் உயரக் குதித்தான் என்பதற்குச் சாட்சி இல்லை. முட்டியை மார்போடு மடக்கினாலே ஏறிவிடலாம். ஏறியவர்கள் நடந்து இறங்கட்டும், குதித்து இறங்க வேண்டாம்.

பத்து வாரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். முதல் இரண்டு வாரம் முழுக்க இறங்கப் பழகுவதுதான். நின்ற இடத்தில் எம்பி, சத்தமில்லாமல் இறங்கி, மூன்று எண்ணும்வரை ஆடாமல் நிற்பது. அப்புறம் கயிறு தாண்டுதல், முட்டியை அதிகம் மடக்காமல் கணுக்காலில் மட்டும் துள்ளுவது. கயிற்றை 20 நொடி வீதம் சில செட் விடுங்கள், அதைத் தனிக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் சேர்ந்து வேளைக்கு 60 போதும். இந்த நாட்களில் நீங்கள் எதிரே நின்று முட்டியை மட்டும் பாருங்கள். இறங்கும்போது இரண்டு முட்டியும் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாய்கிறதா? மாணவிகளிடம் இது அதிகம் தெரியும், முட்டிக்குள் இருக்கும் முன் சிலுவை ஜவ்வு (ACL) கிழிவதற்கு இதுவும் ஒரு வழி. முட்டி கால் கட்டைவிரலுக்கு உள்பக்கம் போகிற பிள்ளை, அது சரியாகும்வரை அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது.

மூன்றாவது வாரத்திலிருந்து தொடர் ஜம்ப். நின்று நீளம் தாண்டுவது இரண்டு மூன்று சேர்ந்தாற்போல், 15–20 செ.மீ. உயரத் தடைகளை இரண்டு காலாலும் தாண்டுவது, பக்கவாட்டில் தாவுவது, நம் ஊர் நொண்டியடித்தல். நொண்டி லேசானது என்று நினைக்க வேண்டாம், ஒரு காலில் முழு எடையும் விழுவதால் அதைப் பத்துப் பன்னிரண்டோடு நிறுத்துங்கள். எண்ணிக்கை 80 வரை போகலாம். ஐந்தாவது வாரம் வேண்டுமென்றே பாதியாக்குங்கள். தசை சீக்கிரம் பலமாகிவிடும், தசைநாண் அதைவிட மெதுவாகத்தான் பழகும். அதற்கு ஒரு மூச்சு விட வேண்டும்.

ஆறு, ஏழு, எட்டு வாரங்கள் விளையாட்டோடு ஒட்டியவை: மூன்றடி ஓடி ஸ்பைக் எம்பல், பக்கவாட்டில் நகர்ந்து பிளாக், தகுதி வந்தவர்களுக்கு மட்டும் நான் சொன்ன குட்டி டெப்த் ஜம்ப், அதுவும் வேளைக்கு 15 அல்லது 20. இங்கே மொத்த எண்ணிக்கை 80லிருந்து ஏறவே வேண்டாம். ஒவ்வொன்றும் கடுமையாகிறது, அதுவே ஏற்றம். மேலே கைக்கு ஒரு இலக்கு கொடுங்கள், வலைக்கம்பியில் ரிப்பன் கட்டினாலும் போதும். தொட வேண்டியது கண்ணெதிரே இருந்தால் பிள்ளைகள் கூடுதலாகவே எம்புவார்கள்.

ஒன்பதாவது வாரம் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். போட்டி வாரத்தில், போட்டிக்கு நான்கைந்து நாள் முன்னால் ஒரு தடவை இருபது நல்ல ஜம்ப், அவ்வளவுதான்.

ஜிம் இல்லை என்றீர்கள். பரவாயில்லை. தோளில் மணல் மூட்டையோடு மெதுவாக ஸ்குவாட், பின்காலைப் பெஞ்சில் வைத்து ஒற்றைக்கால் ஸ்குவாட், படி விளிம்பில் ஒற்றைக்காலில் குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குவது. இந்த மூன்றும் வாரம் இரண்டு நாள், ஜம்ப் முடிந்த பிறகு. இதைச் செய்யாமல் குதிக்க மட்டும் வைத்தால் ஓரளவுக்கு மேல் போகாது. தரை விஷயத்தில், தண்ணீர் தெளித்துச் சமன் செய்த மண் கோர்ட் போதும். வராண்டா சிமென்ட் வேண்டாம். கடற்கரை மணலும் தனி வகை: அடி குறையும், ஆனால் கால் புதைவதால் அந்தச் சட்டென்ற எழும்பல் பழகாது.

அளப்பதற்குச் சுவரும் சாக்பீஸும் போதும். நின்று கை எட்டும் உயரத்துக்கும் குதித்துத் தொடும் உயரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் ஜம்ப். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரே நேரத்தில், மூன்று தடவையில் நல்லதை எழுதுங்கள். ஸ்லோமோஷன் உள்ள செல்போன் இருந்தால் இன்னும் துல்லியம். நொடிக்கு 240 படம் எடுக்கும் முறையில், கால் தரையைவிட்ட படத்திலிருந்து மறுபடி பட்ட படம்வரை எண்ணுங்கள். 120 படம் என்றால் காற்றில் அரை நொடி, உயரம் ஏறக்குறைய 31 செ.மீ. 144 படம் என்றால் 44 செ.மீ. இறங்கும்போது முட்டியை மடக்கிக்கொண்டால் கணக்கு பொய்யாகிவிடும், அதைச் சொல்லி வையுங்கள். எவரேனும் இரண்டு அளவையில் தொடர்ந்து குறைந்தால் அவர் களைத்திருக்கிறார். அவருக்கு அந்த வாரம் ஜம்ப் கிடையாது.

வலி உள்ள அந்த மூன்று பேர். விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். முட்டிச் சில்லுக்குச் சற்றுக் கீழே மென்மையான இடத்தில் வலித்தால் தசைநாண். அதற்குக் கீழே, எலும்பு மேடாகத் தெரியும் இடத்தில் வீங்கி வலித்தால், வேகமாக வளரும் பருவத்தில் வருவது. மாதம் ஒரு முறை உயரம் அளந்து பார்த்தாலே யார் அந்தப் பருவத்தில் இருக்கிறார் என்று தெரியும். இரண்டுக்கும் முழு ஓய்வு தேவைப்படாது, ஆனால் குதிப்பதை நிறுத்த வேண்டும். சுவரில் சாய்ந்து நாற்காலியில் உட்காருவது போல 45 நொடி, ஐந்து தடவை, நடுவே இரண்டு நிமிட ஓய்வு. வலி பொறுக்கும் அளவில் இருந்து, மறுநாள் காலை கூடாமல் இருந்தால், மெதுவான ஸ்குவாட்டுக்குப் போகலாம். முட்டி வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் நிலை தவறி மடங்கினாலோ, கணைக்கால் எலும்பில் ஒரே புள்ளியில் அழுத்தினால் துடித்தாலோ, எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள். மாணவிகளில் யாருக்காவது மாதவிடாய் சில மாதமாக நின்றிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சாப்பாடு போதாமல் எலும்பு வலுவிழப்பதற்கு அது முக்கியமான அறிகுறி. காலைச் சாப்பாடு இல்லாமல் வரும் பிள்ளை யார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியாக ஒன்று: எல்லோருக்கும் ஒரே அளவு வைக்காதீர்கள். அட்டாக்கர், நடு பிளாக்கர் இருவரும் ஆட்டத்திலேயே அதிகம் குதிப்பவர்கள், அவர்களுக்குப் பயிற்சியில் நான் சொன்னதிலும் கொஞ்சம் குறையுங்கள். செட்டருக்குச் சொன்னபடியே வைக்கலாம். பின்வரிசையில் டிஃபென்ஸ் ஆடும் லிபரோவுக்கு வலைக்கு மேலே வேலை இல்லை. அவருக்கு அந்தக் கால் மணி நேரத்தில் பக்கவாட்டுத் தாவலும், முதல் இரண்டு அடி வேகமும் பழக்குங்கள்.