வெளிநாட்டுச் சமையலறைக்கு எந்தக் கல் உரல்?

புது வீட்டுச் சமையலறைக்கு நீண்ட நாள் உழைக்கும் சிறிய கல் உரல் வேண்டும், கருங்கல் நல்லதா பளிங்கு நல்லதா, ஊருக்குப் போகும்போது எடுத்து வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். எடுத்து வர வேண்டியதில்லை. பெட்டிக்கு 23 கிலோ என்று பல விமான நிறுவனங்கள் வரம்பு வைத்திருக்க, அதில் ஆறேழு கிலோவைக் கல்லுக்குக் கொடுப்பானேன்?

கருங்கல்லையே வாங்குங்கள். அதிலுள்ள குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் கனிமங்கள், 1 முதல் 10 வரை கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் முறையே 7, 6 என்று நிற்க, பளிங்கின் கால்சைட் 3-இலும் மாக்கல்லின் டால்க் 1-இலும் நின்றுவிடுகின்றன. எலுமிச்சைச் சாறு பட்டாலே பளிங்கு அரித்து மங்கும். மாக்கல் அடுப்பில் வைக்கும் சட்டிக்கு உகந்ததே தவிர, இடி தாங்காது. ஆனால் மென்மையான கல்லுக்குக் கருஞ்சாயம் பூசிக் கருங்கல் என்று விற்பதும் உண்டு என்பதால், கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, உரலைக் கவிழ்த்து அடிப்பக்கத்தில் சாவி முனையால் அழுத்திக் கீறிப் பாருங்கள். வெள்ளைத் தூளுடன் பள்ளம் விழுந்தால் வேண்டாம். நல்ல கருங்கல்லில் சாவியின் உலோகம் கோடாக ஒட்டிக்கொள்ளுமே ஒழிய, விரலுக்குப் பள்ளம் தட்டுப்படாது.

இங்கே நமக்குள்ள உண்மையான குறை, தேய்ந்த கல்லைக் கொத்தித் தர ஆள் கிடைக்காததுதான். ஆகவே வாங்கும்போதே உட்புறம் சீராகக் கொத்தப்பட்டு, சொரசொரப்பாக, ஆனால் விரல்நுனி நுழையும் குழிகள் இல்லாமல் இருக்க வேண்டும். உள்ளேயும் மெருகேற்றிய உரல் பார்க்க அழகு. இடித்தால் எல்லாம் வழுக்கி வெளியே தெறிக்கும். உள்வாய் 14, 15 சென்டிமீட்டர் இருந்தால் போதும், அகன்ற அடியும் கை நிறையும் குழவியும் அதைவிட முக்கியம்.

முதல் சில முறை ஊறவைத்த அரிசியை அரைத்துக் கொட்டுங்கள். சாம்பல் நிறம் போய் மாவு வெள்ளையாக வரும்வரை அதில் சமையலுக்கு எதையும் இடிக்கக் கூடாது. பிறகு வெந்நீரும் தூரிகையும் போதும், சோப்பின் மணத்தைக் கல் பிடித்துக்கொள்ளும். அடுக்குமாடியில் குடியிருந்தால் மடித்த தடித்த துணியின் மேல், மேடையைத் தாங்கும் சுவருக்கு நேராக வைத்து இடியுங்கள். கண்ணாடி மேடையென்றால் தரையில் அமர்ந்துதான் இடிக்க வேண்டும், அதுவும் கீழ்வீட்டார் உறங்காத நேரம் பார்த்து.