வாழ்க்கை ஒரே இடத்தில் நின்றுவிட்டது போலிருக்கும்போது தைரியமும் கடவுளின் நோக்கமும் எங்கிருந்து கிடைக்கும்?

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபின் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டதாகவும், "கடவுள் என்னை ஏன் இங்கே உட்கார வைத்திருக்கிறார் என்றே தெரியவில்லை" என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். இதே வார்த்தைகளைச் சொல்லி நானும் அழுதிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

என் கணவர் எலக்ட்ரீஷியன். 2016 நவம்பரில் வேலை செய்துகொண்டிருந்த வீட்டின் மாடியிலிருந்து விழுந்துவிட்டார். முதுகெலும்பில் டி-12 என்கிற இடத்தில் முறிவு. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. அப்போது அவருக்கு வயது 34, மகளுக்கு 4.

அடுத்த ஜனவரி 1 அதிகாலை ஆராதனையில், அந்த வருடத்துக்கென்று வேத வசனம் எழுதிக் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் எனக்குக் கிடைத்தது எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அத்தை அதை அவர் கட்டிலுக்கு நேரே சுவரில் ஒட்டினார்கள். ஜெபிக்க வந்தவர்களில் இரண்டு பேர், ஆறே மாதத்தில் எழுந்து நடப்பார் என்று தீர்க்கதரிசனமாகவே சொன்னார்கள். நான் சத்தமாக ஆமென் சொன்னேன்.

எங்கள் வீட்டு வாசல் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். சக்கர நாற்காலியை ஏற்றி இறக்க, சாரப் பலகை இரண்டைச் சேர்த்து ஆணியடித்துச் சாய்த்து வைத்திருந்தோம். ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். மழை பெய்தால் வழுக்கும். கொத்தனார் மாமா ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, சிமெண்டுல ஒரு சரிவு போட்டுருவமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் மாமா. அவுக நடந்துருவாக. எதுக்கு வீணா?" என்றேன்.

சிமெண்ட் போட்டுவிட்டால் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று பயம். அவிசுவாசம் என்றே நினைத்தேன். பலகை அப்படியே கிடந்தது. நாங்களும்தான்.

2017-இல் வேலூர் பாகாயத்தில் இருக்கிற புனர்வாழ்வு நிலையத்துக்குப் போனோம். எல்லோரும் ரீஹாப் என்றுதான் சொல்வார்கள். அது டாக்டர் மேரி வர்கீஸ் பெயரில் இருப்பது. கேரளத்துக்காரர். 1954 ஜனவரியில், இளம் டாக்டராக இருக்கும்போது, வண்டி விபத்தில் முதுகெலும்பு முறிந்து இரண்டு காலும் செயலற்றுப் போயிற்று. அதன்பிறகு அறுவை சிகிச்சை நிபுணரான டாக்டர் பால் பிராண்டின் துணையோடு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டார். அமெரிக்காவுக்குப் போய்ப் புனர்வாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். பாகாயத்து நிலையம் 1966-இல் வந்தது. 1972-இல் பத்மஸ்ரீ.

இதைச் சொன்னால் எல்லோரும் "பாருங்கள், கடவுளுடைய திட்டம்!" என்கிறார்கள். 1954-க்கும் 1966-க்கும் நடுவில் 12 வருடம் இருக்கிறது. முதன்முதலாக உட்கார்ந்து கத்தியைப் பிடித்த அன்று அந்தப் பெண்ணுக்கு இந்தக் கட்டடம் தெரிந்திருக்க வழியில்லை. முன்னால் இருந்தது யாரோ ஒருவருடைய கை. இதை நினைத்தபோதுதான் எனக்கு மூச்சு கொஞ்சம் இலகுவானது.

அங்கே என்னையும் ஒரு மாணவி மாதிரி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கவேண்டும். குதிகாலும் வால் எலும்பும் சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். சிவப்பை விரலால் அழுத்தினால் வெளுக்கவேண்டும்; வெளுக்கவில்லையென்றால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது, அந்த இடத்தில் இனிப் பாரம் படக்கூடாது.

அப்படி ஒரு ராத்திரி இரண்டு மணிக்குப் புரட்டிவிட்டுத் தூக்கம் வராமல், எரேமியா 29-ஐ முதல் வசனத்திலிருந்து படித்தேன். அதுவரை 11-ஆம் வசனத்தைத் தாண்டி நான் எதையும் கவனித்ததில்லை. அது ஒரு கடிதம். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் தன் ஊருக்குப் பிடித்துக்கொண்டுபோன யூத ஜனங்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லோரும் திரும்பிவிடுவார்கள் என்கிறான். எரேமியாவும் அதற்கு "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார்! அவருக்கும் ஆசைதானே. ஆனால் கடிதத்தில் கர்த்தர் சொன்ன கணக்கு 70 வருடம். அதுவரைக்கும்? "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." பிடித்துக்கொண்டுபோன ஊரிலேயே. அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணச் சொல்கிறார். இதெல்லாம் சொன்ன பிறகுதான் அந்த அட்டை வசனம் வருகிறது.

என் வாசலில் கிடந்த பலகை ஞாபகம் வந்தது. அது அனனியாவின் இரண்டு வருடம்.

ஊருக்கு வந்த வாரமே கொத்தனார் மாமாவைக் கூப்பிட்டேன். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. எங்களுக்கு 18 அடி வேண்டும். முற்றத்தில் நேராக இடமில்லை, பாதியில் திருப்பிக் கட்டினார். சிமெண்ட் இறுகுகிறவரை சாக்கு போட்டுத் தண்ணீர் தெளித்தது நான். அழுதுகொண்டேதான் தெளித்தேன். இறுகியபின் யாரும் தள்ளாமல், தானே சக்கரத்தைப் பிடித்து உருட்டி அவர் வாசலுக்கு வெளியே வந்தார். பத்து மாதத்தில் முதல்தடவை. இப்போது வாசல் திண்ணையில் உட்கார்ந்து ஃபேன், மிக்ஸி மோட்டாருக்குக் கம்பிச் சுருள் (காயில்) சுற்றுகிறார்.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தால் எனக்கு இன்றும் கை நடுங்கும். வேதத்தில் யோசுவா புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் "பலங்கொண்டு திடமனதாயிரு" என்று திரும்பத் திரும்ப நான்கு தடவை வருகிறது. பயப்படாத ஆளுக்கு ஒருதடவை சொன்னாலே போதுமே. பயத்தோடு எழுந்து இரண்டு மணிக்குப் புரட்டிவிட்டால் நாலு மணிக்கும் முடிகிறது. எனக்குத் தைரியம் இந்த அளவில்தான், இரண்டு இரண்டு மணி நேரமாகத்தான் கிடைத்திருக்கிறது.

எங்கள் சேகரத்துச் சபைகளிலும் பக்கத்து ஊர்களிலும் யாராவது இப்படி விழுந்துவிட்டால் இப்போது என்னைக் கூப்பிடுகிறார்கள். போய்ப் புண்ணைப் பார்க்கிறேன், புரட்டக் கற்றுக்கொடுக்கிறேன். இதற்காகத்தான் கடவுள் என் வீட்டுக்காரரின் முதுகை உடைத்தார் என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம். அந்தக் கணக்கை நான் போடமாட்டேன். என் பரலோக அப்பா அப்படிப்பட்டவர் என்று நான் நம்பவில்லை. உடைந்த வீட்டுக்குள் அவர் என்னோடு இருந்தார். அதை நான் பார்த்தேன், அதைத்தான் சொல்லமுடியும்.

உங்கள் வீட்டிலும் ஒரு பலகை இருக்கும். 'சீக்கிரம் கிளம்பிவிடுவேன்' என்று பிரிக்காமல் வைத்திருக்கிற பெட்டியோ, வாங்காமல் தள்ளிப்போடுகிற கட்டிலோ. முதலில் அதைப் பாருங்கள்.

அப்பாவுக்கு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று எழுதவில்லையே. எந்தப் பக்கமானாலும், எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு இறங்கிவிடும். முதுகுக்குப் பின்னால் கைகொடுத்து எழுப்புங்கள். தனியாகப் புரட்ட முடியவில்லையென்றால் சொல்லுங்கள், எப்படி என்று விவரமாக எழுதுகிறேன்.