நிதானப் பயணம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கிராமம் என் ஊர். பெங்களூரில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். தாத்தா கட்டிய ஓட்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. அதைச் செப்பனிட்டு, நகரத்திலிருந்து வருகிறவர்கள் நாலைந்து நாள் தங்கிப்போகும் இடமாக்க எண்ணம். சமையலுக்கு அம்மா இருக்கிறார். அவசரமில்லாத பயணம், நிதான வாழ்க்கை என்று இப்போது உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். எங்கள் ஊரில் வாழ்க்கை மெதுவாகத்தான் நகர்கிறது. அதை நகரத்தாருக்குக் காட்டினால் ஊருக்கும் வருமானம் வரும். ஆனால் கூட்டம் வந்தால் ஊர் கெட்டுவிடும் என்று பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

ம.

அன்புள்ள ம.,

செய்யுங்கள். பூட்டிய வீடு கரையானுக்குப் போவதைவிட விருந்தாளிக்குத் திறப்பது மேல். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. 'எங்கள் ஊரில் வாழ்க்கை மெதுவாகத்தான் நகர்கிறது.' யாருக்கு?

சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் பள்ளத்தாக்கில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். முதல் போக நடவு முடிந்திருந்த சமயம். இரவு இரண்டு மணிக்கு அவருடைய அண்ணன் மண்வெட்டியும் டார்ச் விளக்குமாகக் கிளம்பினார். அவர்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. நானும் கூடப் போனேன். வரப்பில் அவர் நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. மடையைத் திறந்துவிட்டு, தண்ணீர் வயலின் கடைசி மூலையைத் தொடும்வரை நின்றே இருந்தார். பெரியாறு அணை 1895இல் கட்டி முடிக்கப்பட்டது, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய நீரில் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது என்றெல்லாம் நான் படித்திருக்கிறேன். அன்று அந்தத் தண்ணீர் கணுக்காலில் ஏறியபோதுதான் அந்தக் கணக்கு எனக்கு விளங்கியது. விடிந்ததும் அவர் தூங்கவில்லை. திராட்சைப் பந்தலில் கவாத்து வேலைக்கு ஆள் வந்துவிட்டது.

இந்த வாழ்க்கையை மெதுவானது என்று விளம்பரம் செய்தால் அது அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம். நிதானம் வருகிறவரிடம் இருக்க வேண்டியது. நான்கு நாளில் நாலு அருவி, மூன்று அணை என்று ஓடாமல், ஒரே வாய்க்காலை நான்கு நாளும் பார்க்கும் பொறுமை அவருக்கு வேண்டும். ஊர் தன் வேலையைத் தன் வேகத்தில் செய்யட்டும்.

நீங்கள் சொல்லும் இந்தச் சிந்தனை வலுப்பெற்ற இத்தாலியிலும் அது பயணிகளுக்காகத் தொடங்கியதல்ல. 1986இல் ரோமின் பழைய சதுக்கம் ஒன்றில் மெக்டொனால்ட்ஸ் உணவகம் திறக்கப்பட்டதை எதிர்த்து கார்லோ பெட்ரினி என்ற உணவு எழுத்தாளரும் அவர் கூட்டாளிகளும் கிளம்பினார்கள். தங்கள் ஊர்ச் சாப்பாடு பற்றிய கவலை அது. 1999இல் கிரேவே, ஒர்வியெத்தோ, பிரா, பொசித்தானோ என்ற நான்கு ஊர்களின் மேயர்கள் சேர்ந்து 'சிட்டாஸ்லோ', அதாவது நிதான ஊர், என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நத்தைதான் சின்னம். 50,000 பேருக்கு உட்பட்ட ஊர்களே சேரலாம். காற்று சுத்தமா, உள்ளூர் விளைச்சலுக்கு உள்ளூரில் இடம் உண்டா, தெருவில் நடக்க முடிகிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் சேர்க்கிறார்கள். குடியிருப்பவர் நன்றாக வாழும் ஊருக்கு விருந்தாளி வருவார் என்பது அவர்கள் வைத்த வரிசை. அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடாதீர்கள்.

இத்தாலி எதற்கு, உங்களுக்கு நேர் மேலே தேக்கடி இருக்கிறது. அங்கே பெரும்பாலோர் அறிந்தது ஏரியில் ஒரு படகுச் சவாரி, யானை தென்பட்டால் ஒரு கூச்சல், திரும்பிக் குமுளியில் ஏலக்காய். அதே காட்டில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. திருட்டுத்தனமாகக் காட்டுக்குள் புகுந்து வயணா என்ற காட்டு இலவங்க மரத்தின் பட்டையை உரித்து விற்றுக்கொண்டிருந்தவர்களை, 1990களின் இறுதியில், சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது வனத்துறை அழைத்துப் பேசியது. இருபத்துமூன்று பேர் ஒரு குழுவானார்கள். அவர்கள்மீதிருந்த வழக்குகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. இன்று அவர்கள்தான் பயணிகளைக் காட்டுக்குள் கூட்டிப்போய்க் கூடாரத்தில் தங்கவைக்கிறார்கள், காட்டைக் காவலும் காக்கிறார்கள். ஒரு தடவைக்கு ஐந்தாறு பயணிகள்தான். எந்தத் தடம் எப்போது ஆபத்து என்று அவர்களுக்குத் தெரியும், வந்தவருக்குத் தெரியாது. அதனால் அங்கே சொல் அவர்களுடையது, கேட்பவர் விருந்தாளி. அந்த உறவுதான் எனக்குப் பிடித்தது. (அதே வட்டாரத்தில் கூலி வாங்காமல் நாள்தோறும் முறைவைத்துச் சந்தனக் காட்டைக் காவல் காக்கும் பெண்கள் குழு உண்டு, வசந்தசேனை என்று பெயர். ஒருமுறை போய்ப் பேசிப்பாருங்கள்.)

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். வேறொரு மாவட்டத்தில் பண்ணை வீடு ஒன்றில் ஒரு மூதாட்டியை ஆட்டுக்கல் முன்னால் உட்காரவைத்திருந்தார்கள். ஒவ்வொரு கார் வந்து நிற்கும்போதும் அவர் குழவியைச் சுற்ற வேண்டும். காலை இட்லிக்கான மாவு உள்ளே கிரைண்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. நடவு நடும் பெண்களுக்கு நடுவே விருந்தாளியை இறக்கிப் படம் எடுக்கச் சொல்வதும் இதே வகைதான். அவர்கள் அன்றைய கூலிக்குக் குனிந்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்காமல் கேமராவைத் தூக்காதே என்று வருகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பெரியவர்களின் பயம் நியாயமானது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் இ-பாஸ் கட்டாயமானது உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான். அடுத்த ஆண்டு கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வந்தது. ஓர் ஊர் தன் கொள்ளளவைத் தானே சொல்லாமல் விட்டால் பிறகு வேறு யாரோ எண்ணிச் சொல்ல வேண்டியதாகிறது. உங்கள் வீட்டில் மூன்று அறை என்றால் மூன்று அறைதான். பக்கத்துத் தோப்பை வாங்கிப் பெருக்கும் எண்ணம் வந்தால் அன்றே இந்த வேலையை நிறுத்திவிடுங்கள். வயலும் தோப்பும் விடுதியாக மாறத் தொடங்கிய ஊரில் நிலத்தின் விலை உழுகிறவன் கைக்கு எட்டாமல் போய்விடும். நான் உண்மையில் அஞ்சுவது குப்பையைவிட இதைத்தான்.

அரிசியும் காயும் பாலும் திராட்சையும் ஊரிலேயே வாங்குங்கள், சந்தை விலைக்குக் குறையாமல். தனி ஒருவராக நடத்தாமல் இன்னும் இரண்டு மூன்று வீடுகளைச் சேர்த்துக்கொண்டால் பொறாமையும் குறையும், பொறுப்பும் பரவும். பஸ்ஸில் வரச் சொல்லுங்கள். நடவு நெருக்கத்திலும் ஊர்த் திருவிழாவிலும் கதவைச் சாத்திவிடுங்கள். விழா நாளில் வரும் விருந்தாளி உறவினராக இருக்கட்டும்.

கடைசியாக, உங்கள் தாயார். 'சமையலுக்கு அம்மா இருக்கிறார்' என்று ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். இந்தத் திட்டத்தின் முழுப் பாரமும் அந்த வரியில்தான் இருக்கிறது. முன்பின் அறியாதவர்களுக்கு மூன்று வேளையும் அவர் ஆக்கிப்போட வேண்டும். அவருக்கு வாரத்தில் எத்தனை நாள் முடியும், துணைக்கு யார் வேண்டும், எவ்வளவு பணம் அவர் கைக்கே போகும் என்று அவரிடம் உட்கார்ந்து பேசினீர்களா? பேசிவிட்டு எழுதுங்கள். அவர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள்.

அன்புடன்