மூன்று சிகிச்சைகளையும் ஒரே நாளில் முடித்துவிடலாமா?

கேள்வி: தாம்பரத்தில் வசிக்கிறேன். எங்கள் லேப்ரடார் பெண் நாய்க்கு எட்டு வயது, கருத்தடை செய்யவில்லை. மடியில் ஒரு கட்டி வந்திருக்கிறது, பற்களிலும் காரை படிந்திருக்கிறது. கட்டியை அகற்றிக் கருத்தடையும் செய்ய 19,000 ரூபாய், பிறகு தனியாகப் பல் சுத்தம் செய்ய 8,500 ரூபாய் ஆகுமாம். மூன்றையும் ஒரே மயக்கத்தில் செய்தால் 23,000 ரூபாயில் முடியுமாம். என் சேமிப்பு 70,000 ரூபாய், மாதச் செலவு 38,000 ரூபாய். மூன்றையும் சேர்த்துச் செய்து, பணத்தை கிரெடிட் கார்டில் தவணையாகக் கட்டலாமா?

பதில்: வளர்த்த நாயை இருமுறை மயக்க மருந்துக்கு உட்படுத்த மனம் வராதது இயல்பே. ஆனால், சேர்த்துச் செய்வதால் மிச்சமாகும் 4,500 ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். மயக்க மருந்து, அதற்கு முந்தைய இரத்தப் பரிசோதனை, சலைன், அறுவை அரங்கு ஆகியவற்றுக்கு இரண்டாம் முறை கொடுக்க வேண்டிய கட்டணம்தான் அது. இரண்டு சிகிச்சைகளுக்கும் இடைவெளி சில வாரங்களே என்றால் பழைய இரத்தப் பரிசோதனை முடிவையே மருத்துவர் ஏற்றுக்கொள்ளக்கூடும்; அப்போது மிச்சம் இன்னும் சுருங்கிவிடும்.

கட்டி அகற்றுவதையும் கருத்தடையையும் சேர்த்துச் செய்வதில் எனக்குத் தயக்கமில்லை. இரண்டுமே கிருமி நீக்கிய சூழலில் செய்யப்படும் அறுவைகள். கருத்தடை செய்யாத, வயதான பெண் நாய்களுக்குக் கருப்பையில் சீழ் பிடிப்பது அடிக்கடி நேர்வது. அது பெரும்பாலும் அவசர அறுவையில்தான் முடியும், திட்டமிட்ட கருத்தடையைவிடப் பல மடங்கு செலவும் வைக்கும். பல் சுத்தம் அப்படிப்பட்டதன்று. காரையைச் சுரண்டும்போது வாயிலுள்ள கிருமிகள் இரத்தத்தில் கலக்கும் என்பதால், வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையோடு அதைச் சேர்க்க மருத்துவர்கள் பலர் விரும்புவதில்லை. மயக்க நேரம் நீண்டால் உடல் வெப்பமும் இறங்கும். தையலில் தொற்று ஏற்பட்டு மறுபடி மருத்துவமனை ஏற நேர்ந்தால், நீங்கள் மிச்சம் பிடித்த தொகை ஒரே நாளில் கரைந்துவிடும்.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. நாய்களின் மடிக்கட்டிகளில் ஏறத்தாழப் பாதி புற்றுநோய்க் கட்டிகளாக இருக்கின்றன. எனவே அறுவைக்கு முன்பே நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்; பரவியிருந்தால் அறுவை வேண்டுமா என்ற கேள்வியே மாறிவிடும். அகற்றிய கட்டியை பயாப்ஸிக்கு அனுப்பும் கட்டணம் அந்த 19,000 ரூபாயில் அடங்கியிருக்கிறதா என்றும் கேளுங்கள். முடிவு வந்தபின் தொடர் சிகிச்சை தேவைப்பட்டால் கையில் பணம் இருக்க வேண்டும். இப்போது பல்லுக்குச் செலவிடாத தொகை அப்போது உதவும். பல் ஆடுகிறது, ஈறில் சீழ் இருக்கிறது என்றால் மட்டும் நிலைமை வேறு. அப்போது எதை முதலில் செய்வது என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

கிரெடிட் கார்டு தவணை வேண்டாம். அதில் வட்டியோடு செயலாக்கக் கட்டணமும் சேரும். இரண்டுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ஒரு தவணை தவறினால் நிலுவைக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறும் கார்டுகள் பல உள்ளன. சேமிப்பிலிருந்தே 19,000 ரூபாயைக் கொடுங்கள். மீதமுள்ள 51,000 ரூபாய் உங்கள் ஒன்றரை மாதச் செலவைக்கூட எட்டாது என்பது எனக்கும் கவலையளிக்கிறது. அதனால்தான் பல் சிகிச்சையைத் தள்ளிவைக்கச் சொல்கிறேன். அதற்கென்று மாதம் 1,500 ரூபாய் தனியாக ஒதுக்கினால் ஆறு மாதத்தில் 9,000 ரூபாய் சேர்ந்துவிடும். இப்போது காப்பீடு எடுத்தாலும் ஏற்கெனவே இருக்கும் கட்டிக்கு அது பொதுவாகப் பொருந்தாது.

தொகையைக் கட்டுவதற்கு முன், வேப்பேரியிலுள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நாயைக் காட்டி ஒரு மதிப்பீடு வாங்குங்கள். அங்கே கட்டணம் தனியார் மருத்துவமனைகளைவிடக் குறைவு. காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள்.