போர் பெரிதாகும் என்றாலே முன்னாள் ராணுவத்தினர் ஏன் முகம் சுருங்கிப்போகிறார்கள்?

"எல்லையில் சண்டை பெரிதாகும் போலிருக்கிறது என்று செய்தி வந்தால் இளைஞர்கள் எல்லாம் உற்சாகமாகிறார்கள், ராணுவத்தில் இருந்து வந்தவர்கள் மட்டும் ஏன் கவலைப்படுகிறார்கள், வயதானால் பயம் வந்துவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன், ராணுவத்துக்குச் சாப்பாடும் சாமானும் கொண்டுபோகும் ஆர்மி சர்வீஸ் கோரில் டிரைவராக இருந்தவன். 1987 கடைசியில் யாழ்ப்பாணம் போய் ஒன்றரை வருடத்துக்கு மேல் அங்கே வண்டி ஓட்டினேன். அதை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

சாவு பற்றிய பயம் இல்லை. அது பட்டாளத்தில் சேரும்போதே தெரிந்த விஷயம். கவலை எல்லாம் ஆள் கணக்கைப் பற்றித்தான்.

1987 ஜூலை 29-ல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒப்பந்தம் ஆனது, மறுநாளே நம் படை அங்கே இறங்கியது. முதலில் போனது 54-வது டிவிஷன் என்ற ஒரு பெரிய படைப்பிரிவு மட்டும்தான். விடுதலைப் புலிகள் மாதிரியான இயக்கங்களிடம் ஆயுதங்களை வாங்கி வைக்க வேண்டும், அமைதியைக் காக்க வேண்டும், கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம் என்பதுதான் பேச்சு. அக்டோபரில் அது புலிகளோடு சண்டையாகிவிட்டது. அந்த மாதம் 11-ம் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி என்ற காலாட்படைக்காரர்கள் 30 பேர். அதில் 29 பேர் அங்கேயே செத்தார்கள், மிஞ்சிய ஒருவர் பிடிபட்டார். அதற்கு அப்புறம் 36, 57, 4 என்று மேலும் மூன்று டிவிஷன்கள் வந்தன. மலையில் சண்டை போடப் பழகியவர்களைக் கொண்டுவந்து பனங்காட்டிலும் கடற்கரையிலும் நிறுத்தினார்கள்.

அவ்வளவு பேர் வந்தும் ஏன் போதவில்லை என்பதை ஒரு டிரைவர் நன்றாகச் சொல்லுவான். ஒரு ஊரைப் பிடித்தால் அங்கே ஒரு கம்பெனி, அதாவது நூறு சிப்பாய் அளவுக்கு, உட்கார வேண்டும். அந்தக் கம்பெனிக்கு அரிசி, தண்ணீர், தோட்டா எல்லாம் போக வேண்டும், அதற்கு ரோடு வேண்டும், அந்த ரோட்டில் ராத்திரியோடு ராத்திரியாகக் கண்ணிவெடி புதைத்திருப்பார்கள் என்பதால் தினமும் விடிந்ததும் ஒரு கூட்டம் நடந்தே போய் அடி அடியாகப் பார்க்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பாக இரண்டு பக்கமும் இன்னொரு கூட்டம். அப்புறம்தான் எங்கள் வண்டி வரிசை கிளம்பும். யாழ்ப்பாணம், வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று இடம் கூடக் கூட, சண்டை போடுகிறவனை விட ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன்தான் அதிகமானான். மாற்றிவிட ஆள் வராது. லீவு கேட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார்கள், அடுத்த மாதமும் அதேதான்.

சக்திமான் வண்டியில் கால் வைக்கும் இடத்தில் மணல் மூட்டை போட்டுத்தான் ஓட்டுவோம். மூன்று நாளில் மொத்தமாக ஆறு மணி நேரம் தூங்கியிருந்தால் அதுவே பெரிய விஷயம். அப்படி ஒரு சாயங்காலம், பனை வடலிக்குள் இருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர் ரோட்டில் ஏறினார். என் பக்கத்தில் இருந்த காவல் சிப்பாய் இமாச்சலக்காரன், தங்கமான பையன், வீட்டுக்குப் போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். "சுடாதேங்கோ தம்பி, வீட்டை போறன்" என்று அந்தப் பெரியவர் கத்தியது எனக்குப் புரிந்தது, அவனுக்குப் புரியவில்லை. நான் அவன் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அப்புறம் ஒரு மணி நேரம் அவன் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

அந்த வண்டியில் தமிழ் தெரிந்த நான் இருந்தேன். மற்ற வண்டிகளில் யார் இருந்தார்கள்? அங்கே சாதாரண மக்கள் நிறையப் பேர் செத்தார்கள், அதை மூடி மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் களைப்புதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தூங்காதவன் கையில் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நம் படையில் கிட்டத்தட்ட 1,200 பேர் செத்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படையும் திரும்பியபோது காஷ்மீர் பற்றி எரிய ஆரம்பித்திருந்தது, பஞ்சாபும் ஓயவில்லை, சியாச்சின் பனிமலையில் 1984-ல் ஏறியவர்கள் இறங்கவே இல்லை. அத்தனைக்கும் அனுப்ப இருந்தது அதே ராணுவம்தான்.

பணக்கார நாடுகளுக்கும் இதே கதைதான். 2007-ல் ஈராக்கில் ஆள் போதாமல் அமெரிக்கா தன் சிப்பாய்களின் 12 மாதப் பணியை 15 மாதமாக நீட்டியது. அந்த மூன்று மாதம் காகிதத்தில் சின்னதாகத் தெரியும், நாள் எண்ணிக்கொண்டிருக்கிறவனுக்கு அப்படி இல்லை. நம் ஊரில் 2001 டிசம்பரில் பாராளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் எல்லையில் பத்து மாதம் படையை நிறுத்தினோமே, போரே நடக்கவில்லை, ஆனாலும் கண்ணிவெடியிலும் விபத்திலும் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள்.

இப்போது மேற்கே பாகிஸ்தான் எல்லை, வடக்கே சீன எல்லை. 2020-ல் லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் இறந்த 20 பேரில் ஒருவர் நம் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். அதற்குப் பிறகு அந்தக் குளிரில் பல ஆயிரம் பேரைக் கூடுதலாக நிறுத்த வேண்டியதாயிற்று. அதே சமயம் கொரோனாவால் இரண்டு வருடம் ஆளெடுப்பே இல்லை. அப்புறம் வந்த அக்னிபத் ஆளெடுப்புத் திட்டத்தில் நான்கு வருடம் முடிந்தால் நான்கில் ஒருவருக்குத்தான் வேலை தொடரும். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு நடந்த சண்டை நான்கு நாளில் நின்றதே, அன்றைக்கு டீக்கடையில் "இன்னும் அடித்திருக்கணும்" என்று பேசினார்கள். நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்து படுத்தேன்.

என் அக்கா மகன் தினமும் விடியற்காலை கண்மாய்க் கரையில் ஓடுகிறான், நான்தான் வாட்ச் பிடிக்கிறேன். ஆளெடுப்பில் 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால்தான் முழு மார்க், இன்னும் பத்து வினாடி இடிக்கிறது. போன வாரம் மூச்சு வாங்கிக்கொண்டே, "மாமா, சண்டை வந்தா ஆள் நெறைய எடுப்பாங்கல்ல?" என்றான்.

"எடுப்பாங்க மாப்ள. ஆனா ஒழுங்கா சொல்லிக்குடுக்கத்தான் அவங்களுக்கு நேரம் இருக்காது" என்றேன்.