கணினி கேள்வி–பதில்: குறுந்தகடு இல்லாமல் பழைய ஆஃபீஸ்

பழைய ஆஃபீஸ் மென்பொருளைப் பற்றி வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே சிக்கலைச் சுற்றியே இருப்பதால், இந்த இதழில் பக்கம் முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: என் கணினியில் ஆஃபீஸ் 2003 பல ஆண்டுகளாகச் சிக்கலின்றி இயங்கிவந்தது. ஹார்டு டிஸ்க்கில் இடம் குறைந்ததால் அண்மையில் துப்புரவு மென்பொருள் ஒன்றை இயக்கினேன். அதன் பிறகு எக்செலில் சில வசதிகளைத் தொட்டாலே குறுந்தகட்டைப் போடச் சொல்கிறது. குறுந்தகடு தொலைந்துவிட்டது. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, இணையத்தில் எங்காவது தேடிப் புதிதாக நிறுவலாமா?

பதில்: நீக்காதீர்கள். இப்போது உங்கள் கணினியில் சில வசதிகள் மட்டுமே முடங்கியிருக்கின்றன. நீக்கிவிட்டால் முழு மென்பொருளும் கையைவிட்டுப் போகும். அதைத் திரும்ப நிறுவுவதற்கான வழி இன்னும் உங்களிடம் இல்லை.

ஆஃபீஸ் 2000 முதல், நிறுவும்போதே எல்லா வசதிகளும் ஹார்டு டிஸ்க்கில் இறங்கிவிடுவதில்லை. சில வசதிகள் ‘முதன்முறை பயன்படுத்தும்போது நிறுவிக்கொள்க’ என்ற நிலையில் விடப்பட்டிருக்கும். அவற்றைத் தொடும்போதுதான் விண்டோஸின் நிறுவல் சேவையான விண்டோஸ் இன்ஸ்டாலர், குறுந்தகட்டிலுள்ள மூலக் கோப்புகளைத் தேடிப் போகும். அப்போதெல்லாம் குறுந்தகட்டைத் தேடும் தொல்லையைத் தவிர்ப்பதற்காக, 2003 பதிப்பிலிருந்து மூலக் கோப்புகளின் நகல் ஒன்றை ‘எம்எஸ்ஓகேஷ்’ என்ற மறைந்த கோப்புறையில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. பெரும்பாலும் இது சி டிரைவின் மேல்மட்டத்தில் இருக்கும். இரண்டு டிரைவு உள்ள கணினியாக இருந்தால் மற்றதிலும் பார்க்க வேண்டும். இந்தக் கோப்புறை நூற்றுக்கணக்கான மெகாபைட் இடத்தை அடைத்துக்கொண்டு, எதற்கும் பயன்படாதது போல் தோற்றமளிப்பதால், துப்புரவு மென்பொருள்களின் கண்ணில் முதலில் படுவது இதுதான். விண்டோஸின் சொந்த டிஸ்க் கிளீனப் கருவியிலும் ஆஃபீஸ் நிறுவல் கோப்புகளை அழிப்பதற்கென்று ஒரு தேர்வு இருந்தது. உங்கள் கணினியில் நடந்தது அநேகமாக இதுதான்.

முதலில் ரீசைக்கிள் பின்னையும், நீங்கள் எடுத்துவைத்த பழைய பேக்கப்புகளையும் பாருங்கள். அங்கே இல்லையென்றால், அதே பதிப்பு நிறுவப்பட்ட வேறொரு கணினியில் அந்தக் கோப்புறை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அப்படியே நகலெடுத்துக்கொண்டு வாருங்கள். குறுந்தகட்டைக் கேட்கும் சாளரத்திலேயே ‘பிரௌஸ்’ என்ற பொத்தான் இருக்கும். அதன் வழியாக அந்தக் கோப்புறையைக் காட்டினால் நிறுவல் தொடரும். அந்தச் சாளரத்தில் எந்தக் கோப்பின் பெயர் கேட்கப்படுகிறது என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆஃபீஸ் 2003 வழக்கமாகக் கேட்பது ‘எஸ்கேயு011’ என்ற கேப் கோப்பையோ, ‘ப்ரோ11’ என்ற எம்எஸ்ஐ கோப்பையோதான். கேட்கப்படும் பெயர் உங்கள் பதிப்பு எது என்பதையும் காட்டிக்கொடுத்துவிடும். எந்தக் குறுந்தகட்டை யாரிடம் கேட்பது என்பதை அதை வைத்தே முடிவு செய்யலாம்.

கேள்வி: வேர்டு 2007 திறந்தவுடன் மூடிக்கொள்கிறது. மறுபடி நிறுவ வேண்டுமா?

பதில்: அநேகமாக வேண்டாம். கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு வேர்டின் சின்னத்தைச் சொடுக்கினால், சேஃப் மோடில், அதாவது கூடுதல் இணைப்புகள் இல்லாமல், திறக்கவா என்று கேட்கும். அப்படித் திறந்து ஒழுங்காக இயங்கினால் மென்பொருளில் பழுதில்லை. கூடவே ஏறிக்கொள்ளும் ஏதோ ஓர் ஆட்-இன்னிலோ, புதிய ஆவணங்களுக்கு மாதிரியாக இருக்கும் ‘நார்மல்’ என்ற அடிப்படை டெம்ப்ளேட்டிலோதான் கோளாறு இருக்கிறது. வேர்டை மூடிவிட்டு அந்த டெம்ப்ளேட் கோப்புக்கு வேறு பெயர் வையுங்கள். அடுத்த முறை திறக்கும்போது வேர்டு தானே புதியதொன்றை உருவாக்கிக்கொள்ளும். அதிலும் தீராவிட்டால், கன்ட்ரோல் பேனலில் ஆஃபீஸைத் தேர்ந்தெடுத்து ‘சேஞ்ச்’, அதன் பின் ‘ரிப்பேர்’ என்று போகலாம். மேலே சொன்ன மறைந்த கோப்புறை அழியாமல் இருந்தால் இதற்குக் குறுந்தகடு தேவைப்படாது.

திறக்கும் ஒவ்வொரு முறையும் ‘கன்ஃபிகர் செய்கிறது’ என்ற சாளரம் வந்து காத்திருக்க வைப்பது வேறு கதை. ஒரே கணினியில் வேர்டின் இரண்டு பதிப்புகள் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதெல்லாம் இது வரும். அது பழுதல்ல.

கேள்வி: ஆஃபீஸ் 2010 பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டோம். ப்ராடக்ட் கீ கணினிக்குள்ளேயே இருக்கும் என்கிறார்களே, உண்மையா? மடிக்கணினியின் அடியில் ஒட்டியிருப்பதுதான் அந்தக் கீயா?

பதில்: அடியில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் விண்டோஸின் கீ, ஆஃபீஸுக்கு அது பயன்படாது. அதேபோல், ‘அபௌட்’ பகுதியில் தெரியும் ப்ராடக்ட் ஐடி என்ற நீண்ட எண்ணும் கீ அல்ல. அதைக் குறித்து வைத்துக்கொண்டு, நிறுவும் நாளில் ஏமாந்தவர்கள் ஏராளம்.

கீ என்பது ஐந்தைந்தாகப் பிரிக்கப்பட்ட 25 எழுத்துகளும் எண்களும் கொண்டது. 2010 வரையிலான பதிப்புகளில் அது ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் தரவுத்தளம்) உருமாற்றப்பட்ட வடிவில் முழுமையாகச் சேமிக்கப்பட்டிருக்கும். ப்ரொடியுகீ போன்ற சிறு கருவிகள் அதைப் படித்துக் காட்டும். கணினி இயங்காமல் போயிருந்தாலும், அதன் ஹார்டு டிஸ்க்கை வேறொரு கணினியில் பொருத்தி, அதிலுள்ள விண்டோஸ் கோப்புறையை இத்தகைய கருவிக்குக் காட்டிப் படிக்கச் செய்யலாம். ஆகவே, பழைய ஹார்டு டிஸ்க்கை அழிப்பதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள். வைரஸ் தடுப்பு மென்பொருள் இந்தக் கருவிகளைக் கண்டு எச்சரிப்பது வழக்கம். உருவாக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுத்துப் பயன்படுத்துங்கள். 2013 பதிப்பிலிருந்து கீயின் கடைசி ஐந்து எழுத்துகள் மட்டுமே கணினியில் தங்கும். அந்தப் பதிப்புகளை, வாங்கும்போது இணைத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்துதான் மீட்க வேண்டும்.

மங்கிய ஒட்டுவில்லையைப் படிக்க முயல்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 2010 வரையிலான கீகளில் உயிரெழுத்துகளான ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஆகிய ஐந்தும் வராது. எல், என், எஸ், இஸட் ஆகிய நான்கும் வராது. எண்களில் 0, 1, 5 ஆகியவை வராது. எனவே குழப்பம் வருவது முக்கியமாக பி எழுத்துக்கும் 8-க்கும் இடையில், அல்லது ஜி எழுத்துக்கும் 6-க்கும் இடையில்தான். அவற்றை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: நண்பரிடமிருந்து ஆஃபீஸ் 2007 குறுந்தகட்டை வாங்கி, என்னுடைய சொந்தக் கீயைக் கொடுத்தேன். தவறான கீ என்கிறது. ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்த்துவிட்டேன்.

பதில்: உங்கள் கீ சரியாகத்தான் இருக்கும், குறுந்தகடு வேறு பதிப்பினுடையதாக இருக்க வேண்டும். ஆஃபீஸ் 2007 என்ற ஒரே பெயரில் ஹோம் அண்டு ஸ்டூடன்ட், ஸ்டாண்டர்டு, ஸ்மால் பிசினஸ், புரொஃபஷனல், என்டர்பிரைஸ், அல்டிமேட் என்று பல தொகுப்புகள் வெளிவந்தன. இவற்றில் சில கடையில் விற்றவை, சில நிறுவனங்களுக்கு மொத்த உரிமமாகக் கொடுத்தவை, இன்னும் சில புதிய கணினியோடு வந்தவை. ஒரு தொகுப்பின் கீ வேறு தொகுப்பின் குறுந்தகட்டில் செல்லாது. தொகுப்பு ஒன்றாகவே இருந்தாலும், மொத்த உரிமக் குறுந்தகடு சில்லறை விற்பனைக் கீயை ஏற்காது. கீயைவிடவும் தொகுப்பின் சரியான பெயரை நினைவில் வைத்திருப்பதே கடினமாக இருக்கிறது என்பதுதான் என் கருத்து. அதையும் கீயோடு சேர்த்து எழுதி வைத்திருந்தால் பாதி அலைச்சல் குறையும்.

பொருந்தும் தொகுப்பின் குறுந்தகட்டை இரவல் வாங்கி, உங்கள் சொந்தக் கீயால் நிறுவுவதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் கணினியோடு சேர்த்து விற்கப்பட்ட உரிமம் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. ஆஃபீஸ் 2010-இல் குறுந்தகடே இல்லாமல் கீ அட்டை மட்டும் விற்றார்களே, அதுவும் ஒரே கணினிக்கானது. ‘கீ தேவையில்லை’ என்ற விளம்பரத்தோடு முழுத் தொகுப்பையும் தரும் தளங்களைத் தவிர்த்துவிடுங்கள். திருத்தப்பட்ட நிறுவியோடு வேறு எதுவெல்லாம் உள்ளே நுழைகிறது என்பதை அறிய உங்களுக்கு வழியில்லை.

கேள்வி: குறுந்தகடு இருக்கிறது, புதிய மடிக்கணினியில் டிரைவ் இல்லை.

பதில்: டிரைவ் உள்ள கணினி ஒன்றில் குறுந்தகட்டின் எல்லாக் கோப்புகளையும் ஒரு கோப்புறைக்கு நகலெடுத்து, பென் டிரைவில் கொண்டுவந்து ‘செட்டப்’ கோப்பை இயக்குங்கள். கீறல் விழுந்து படிக்க முடியாமல் போவதற்கு முன், அதை ஒரு ஐஎஸ்ஓ கோப்பாகவும் (குறுந்தகட்டின் முழு நகல் ஒரே கோப்பில்) சேமித்துவிடுங்கள். விண்டோஸ் 8 முதல் அத்தகைய கோப்பை இருமுறை சொடுக்கினாலே ஒரு டிரைவாகத் திறந்துகொள்ளும்.

கேள்வி: பாதியில் மின்சாரம் போனதால் ஆஃபீஸ் 2007 நீக்கமும் முடியவில்லை, புதிதாக நிறுவவும் விடவில்லை.

பதில்: பழைய பதிப்பின் பதிவுகள் ரெஜிஸ்ட்ரியில் அரைகுறையாக நிற்கின்றன. நிறுவல், நீக்கல் சிக்கல்களுக்கென்றே மைக்ரோசாஃப்ட் தரும் டிரபுள்ஷூட்டர் கருவியை இயக்கினால், அது அவற்றைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுவ வழிவிடும். ‘விண்டோஸ் இன்ஸ்டாலர் கிளீனப்’ என்ற பழைய கருவியைச் சிலர் இன்னும் பரிந்துரைக்கிறார்கள். பிற மென்பொருள்களின் பாகங்களையும் சேதப்படுத்தியதால் 2010-இலேயே திரும்பப் பெறப்பட்டது அது. விண்டோஸ் கோப்புறைக்குள் ‘இன்ஸ்டாலர்’ என்ற மறைந்த கோப்புறை இருக்கும். இடம் வேண்டும் என்பதற்காக அதை ஒருபோதும் அழிக்க வேண்டாம். நீக்குவதற்கும் பழுது பார்ப்பதற்கும் தேவையான தொகுப்புகள் அங்கேதான் இருக்கின்றன.

கேள்வி: இத்தனை பாடுபட்டுப் பழைய ஆஃபீஸை நிறுவுவது பாதுகாப்பானதா?

பதில்: இணையத்தோடு இணையாத கணினி என்றால், தாராளமாக நிறுவலாம். இணையத்தில் உள்ள கணினி என்றால் நான் தயங்குவேன். 2003-க்கான ஆதரவு ஏப்ரல் 2014-இலும், 2007-க்கு அக்டோபர் 2017-இலும், 2010-க்கு அக்டோபர் 2020-இலும், 2013-க்கு ஏப்ரல் 2023-இலும் முடிந்துவிட்டது. பலர் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது: குறுந்தகட்டிலிருந்து நிறுவும்போது, அது அச்சான நாளின் நிலைக்கே மென்பொருள் திரும்பிவிடுகிறது, இடைப்பட்ட ஆண்டுகளில் அடைக்கப்பட்ட ஓட்டைகள் அத்தனையும் மறுபடி திறந்துகொள்கின்றன. கணிதச் சமன்பாடுகளை எழுத உதவிய பழைய ஈக்வேஷன் எடிட்டர் இதற்கு நல்ல சான்று. ஓர் ஆவணத்தைத் திறந்த மாத்திரத்தில் அந்நிய நிரலை ஓடவிடும் ஓட்டை அதில் இருந்தது 2017 நவம்பரில் வெளிப்பட்டது. 2018 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கருவியையே ஆஃபீஸிலிருந்து எடுத்துவிட்டது. குறுந்தகட்டிலோ அது அப்படியே இருக்கிறது. ஆகவே, நிறுவும்போது ‘கஸ்டம்’ முறையைத் தேர்ந்தெடுத்து அதை விலக்கிவிடுங்கள். 2007-க்கு மூன்றாவது சர்வீஸ் பேக்கையும் (திருத்தங்களின் தொகுப்பு), 2010-க்கு இரண்டாவதையும் எங்காவது சேமித்து வைத்திருந்தால் உடனே போடுங்கள்.

பழைய கோப்புகளைத் திறந்து படிப்பது மட்டுமே நோக்கம் என்றால், இலவசமான லிப்ரெஆஃபீஸ் போதும். பழைய வேர்டு, எக்செல் கோப்புகளையும், பப்ளிஷர், மைக்ரோசாஃப்ட் வொர்க்ஸ் கோப்புகள் பலவற்றையும் அது திறக்கும். சிக்கலான மேக்ரோக்கள் எழுதிய எக்செல் கோப்புகளும், படிவங்களோடு கூடிய ஆக்சஸ் தரவுத்தளங்களும் அதில் சரியாக இயங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அவற்றை நம்பி வேலை செய்கிறவர்கள் மட்டும் பழைய பதிப்பைத் தேடிப் போவதில் பொருள் உண்டு.

கேள்வி: அவுட்லுக் 2007-ஐ நீக்கினால் மின்னஞ்சல்கள் அழிந்துவிடுமா?

பதில்: அழியாது, அவை பிஎஸ்டி என்ற தனிக் கோப்பில் இருக்கின்றன. ஆனால் 2007-இல் அந்தக் கோப்பு ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறையில் இல்லாமல் மறைந்த ஒரு கோப்புறைக்குள் கிடப்பதால், விண்டோஸையும் சேர்த்து மறுபடி நிறுவுகிறவர்கள் அதை நகலெடுக்க மறந்துவிடுகிறார்கள். அவுட்லுக்கின் ‘அக்கவுன்ட் செட்டிங்ஸ்’ சாளரத்தில் ‘டேட்டா ஃபைல்ஸ்’ பகுதியைத் திறந்தால் கோப்பு இருக்கும் இடம் தெரியும். அவுட்லுக்கை மூடிவிட்டு, அதை வெளி டிரைவுக்கு நகலெடுத்த பிறகு நீக்கலைத் தொடங்குங்கள்.