கோடா, விரிசலா?

அன்புள்ள ஐயா,

குகைக் கல்வெட்டுகள் பற்றிய உங்கள் நூலின் இரண்டாம் பதிப்பை வாங்கினேன். முதல் பதிப்பில் ஒரு சொல்லைத் தவறாகப் படித்துவிட்டதாக முன்னுரையில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இவ்வளவு இடம் கொடுத்த நீங்கள், ஊரே பேசும் கீழடி அறிக்கை பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. இது நழுவல் இல்லையா?

முதுகலை வரலாற்று மாணவி, மேலூர்

அன்புள்ள மாணவிக்கு,

கொஞ்சம் நழுவல்தான். தொலைக்காட்சியிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் ஊரில் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தத் தவறான சொல்லும் கீழடியும் எனக்கு ஒரே விஷயம்தான்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே மாங்குளம் இருக்கிறது. அங்குள்ள கல்வெட்டுகளை ராபர்ட் சூவல் பார்த்தது 1882ல். அவை தமிழ் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவியது 1924ல். ஏன் இவ்வளவு காலம் பிடித்தது? தமிழ்-பிராமி என்னும் அந்தப் பழைய எழுத்து முறையில் அகரத்துக்கும் ஒரு கோடு, ஆகாரத்துக்கும் அதே கோடு. கோடில்லாத எழுத்து மெய். ஆகவே ‘மகன்’ என்று எழுதியிருப்பதை கோடில்லாத எழுத்தையே அகரமாகக் கொள்ளும் அசோகர் பிராமி படித்த கண்ணால் பார்த்தால் ‘மாகான’ என்று தெரியும். எல்லாமே அந்தச் சின்னக் கோட்டில் இருக்கிறது.

என் தவறும் அதுவே. அனுமதி வாங்கி, ஈரத்தாளைப் பாறையில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிக் குழிகளுக்குள் இறக்கி, மை ஒற்றிப் படியெடுத்தோம். படியில் கோடு பளிச்சென்று விழுந்திருந்தது. மூன்று பக்கம் விளக்கமும் எழுதினேன். ஏழு வருடம் கழித்து வேறு வேலையாகப் போனபோது விரலால் தடவிப் பார்த்தேன். கோட்டின் அடியில் உளி பட்ட தடமே இல்லை. பாறையின் விரிசல்! மை இரண்டையும் ஒரே மாதிரிதான் காட்டும். மூன்று பக்கமும் போச்சு.

கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் இந்தக் கல்வெட்டுகளின் முதல் தொகுப்பை 1966ல் வெளியிட்டார். தொண்ணூறுகளில் மறுபடியும் குகை குகையாக ஏறி, ஒவ்வொன்றையும் பாறையிலிருந்தே புதிதாகப் படியெடுத்து, தன் பழைய வாசிப்புகளைத் தானே மாற்றினார். பெரிய நூல் 2003ல்தான் வந்தது. பழனி அருகே பொருந்தல் அகழாய்வில், எழுத்துப் பொறித்த பொருள் கிடைத்த அதே கல்லறையில், நான்கு கால் ஜாடியில் இருந்த நெல்லுக்குப் பொ.ஆ.மு. (பொது ஆண்டுக்கு முன்) 490 என்று காலக்கணிப்பு வந்தபோதும், ஒரே ஒரு தேதியை வைத்து முடிவுக்கு வருவது கடினம் என்றார். அதற்காக அவரைத் திட்டியவர்கள் உண்டு. தமிழ் எழுத்துக்கு வாழ்நாளைக் கொடுத்த மனிதரை!

சரி, கீழடி. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரிக்குப் பொ.ஆ.மு. 580 என்று தமிழகத் தொல்லியல் துறை 2019ல் அறிவித்தது. அந்தத் தேதி கரித்துண்டுக்கு உரியது. எழுத்துப் பொறித்த பானை ஓட்டுக்கும் அதே தேதி பொருந்துமா என்பதைச் சொல்ல வேண்டியது மண்ணடுக்கு: எது எந்த அடுக்கில் கிடந்தது, மேலிருந்து குழி ஏதும் வெட்டி மண் கலந்திருக்கிறதா என்பதெல்லாம். மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறைக்காக அங்கே முதலில் தோண்டிய அமர்நாத் ராமகிருஷ்ணா 982 பக்க அறிக்கையை ஜனவரி 2023ல் கொடுத்தார். அதைத் திருத்தித் தரச் சொல்லி மே 2025ல்தான் துறை கேட்டது. அவர் தன் முடிவில் நின்றார்.

என் கருத்து இதுதான்: அறிக்கையை அப்படியே அச்சிட வேண்டும். துறைக்கு மாற்றுக் கருத்து இருந்தால் அதையும் பெயர் போட்டு எழுதட்டும். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டு இன்னும் ஆதாரம் வேண்டும் என்பது ஆய்வு முறையல்ல. இதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும், நீங்கள் கோபப்பட்டது நியாயம். ஆனால் அந்த 982 பக்கத்தையும் படிக்காமல் 580 சரி என்றோ தவறு என்றோ சொல்லச் சொன்னால், அது பாறையைத் தொடாமல் மைப்படியை மட்டும் பார்த்துப் படிக்கிற கதைதான். அதில் எனக்கு ஒரு முறை பட்டது போதும்.

அப்புறம், மாங்குளம் போனால் டார்ச்சை எழுத்துக்கு நேராக அடிக்காதீர்கள். பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், வெட்டிய பள்ளத்தில் நிழல் விழும். பெரிய தண்ணீர் பாட்டிலாக எடுத்துப் போங்கள், ஏற்றம் கொஞ்சம் கடுமை.